மாஷ்மலோ: பெயரில் மட்டும் எஞ்சிய செடி

பதுளைக் கடைவீதியிலே, பேக்கரிகளின் கண்ணாடி அலுமாரிகளுக்குள், இளஞ்சிவப்பும் வெள்ளையும் இளம்பச்சையுமாகச் சதுரஞ் சதுரமாய் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் ஓர் இனிப்பை வாசகர்கள் கண்டிருப்பார்கள். பிறந்தநாள் வைபவமாயினும், நத்தார் விழாவாயினும், பாடசாலை ஒன்றுகூடலாயினும், கேக்குத் துண்டுக்கு அருகே அதற்கும் ஓர் இடம் உண்டு. தொட்டால் பஞ்சு போன்றது. வாயிலிட்டால் சற்றே இழுபட்டு, பின்னர் இருந்த இடம் தெரியாமற் கரைந்துவிடுவது. மாஷ்மலோ என்பது அதன் பெயர். சிறுவர் அதனை விரும்பி உண்கின்றனர், பெரியோரும் மறுப்பதில்லை.

இப்பெயருக்குப் பொருள் என்ன என்று வகுப்பிலே மாணவர் ஒருவர் எம்மை வினவினார். வினா சிறியதுதான். விடையோ மருத்துவம், தாவரவியல், வாணிகம், சமயம் ஆகிய பல துறைகளையும் தொட்டுச் செல்வது. வீட்டிலே சமைப்போருக்கும், பிள்ளைகளுக்குப் பண்டம் வாங்கிக் கொடுப்போருக்கும் அவசியமான செய்தியொன்றும் அதனுள் அடங்கியிருக்கின்றது. ஆகவே அதனைச் சற்று விரிவாக ஈண்டு நோக்குவோம்.

பெயரின் பொருள்

ஆங்கிலத்திலே 'மாஷ்' என்பது சதுப்பு நிலத்தைக் குறிக்கும் சொல். 'மலோ' என்பது நம் நாட்டுத் துத்திக்கு இனமான ஒரு செடியின் பெயர். இரண்டையும் சேர்த்தால் 'சதுப்புத் துத்தி' என்றாகும். எனவே மாஷ்மலோ என்பது ஆதியில் இனிப்பின் பெயரன்று. ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வட ஆபிரிக்காவிலும், உவர்ச் சதுப்புகளிலும் ஆற்றங்கரைகளிலும் தானாக வளரும் ஒரு செடியின் பெயர். ஏறக்குறைய மார்பளவு உயர்ந்து, வெல்வெற்றுப் போன்ற மெல்லிய இலையும் வெளிறிய இளஞ்சிவப்புப் பூவும் கொண்டது அச்செடி.

தாவரங்களுக்குப் பெயர் வகுத்த சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் இதற்கு 'அல்தேயா ஒஃபிசினாலிஸ்' என்று பெயர் எழுதினார். 'அல்தேயா' என்பது குணப்படுத்துதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது. 'ஒஃபிசினாலிஸ்' என்பதோ மருந்துச் சாலையில் வைத்து விற்கப்படுவது என்று பொருள்படும் இலத்தீன் அடைமொழி. ஆக, இச்செடியின் முழுப் பெயரிலே இனிப்பு என்ற பேச்சே இல்லை. மருந்து என்ற பேச்சுத்தான் இருக்கின்றது.

இச்செடியை நாம் கண்டதில்லையாயினும் இதன் சுற்றத்தாரை நன்கு அறிவோம். வீட்டு வேலியிலே பூக்கும் செவ்வரத்தை, தோட்டத்திலே காய்க்கும் வெண்டி, பருத்தி, பூவரசு, வழியோரத்துத் துத்தி, சிங்களத்தில் 'பெவில' எனப்படும் குறுந்தோட்டி ஆகிய யாவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தனவே. மரபணுக்களை ஆராய்ந்து தாவரங்களை வகைப்படுத்தும் இக்கால அறிஞர்கள், இலவையும் டுரியானையும் கொக்கோவையும்கூட இதே குடும்பத்துள் சேர்த்துவிட்டனர். மேனாட்டுச் சிறுவர் மாஷ்மலோவைச் சொக்கலேற்றுடன் சேர்த்து உண்பர். அவர்கள் அறியாமலேயே ஒரு குடும்பத்தின் இரு கிளைகளைத் தட்டிலே ஒன்றுசேர்க்கின்றனர் எனலாம். ஆனால் அதற்கும் ஒரு தடை உண்டு. அதைப் பின்னர்க் கூறுவோம்.

தொண்டைக்கு மருந்து

செவ்வரத்தை இலையைத் தண்ணீரில் கசக்கித் தலைக்கு வைத்துக் குளித்தவர்கள் அதன் வழவழப்பை அறிவர். வெண்டிக்காயை நறுக்கிய கையும் அறியும். இவ்வழவழப்பான பசை இக்குடும்பத்தின் பொதுச் சொத்து. சதுப்புத் துத்தியின் வெண்ணிற வேரிலே இப்பசை நிரம்பவும் உண்டு. உலர்ந்த வேரைக் குளிர்ந்த நீரில் ஊறவிட்டால் பசை நீருள் இறங்கும். அந்நீரைப் பருகினால், புண்பட்ட தொண்டையின் மேல் அது மெல்லிய போர்வைபோற் படர்ந்து எரிச்சலைத் தணிக்கும். வறட்டு இருமலும் சற்று அடங்கும்.

எகிப்தியர் இவ்வேரின் சாற்றைத் தேனுடன் கலந்து உண்டனர் என்பது பெருவழக்காகக் கூறப்படும் செய்தி. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ், இனிய திராட்சை மதுவில் இவ்வேரை இட்டு இருமலுக்குக் கொடுக்கும் வழக்கத்தைக் குறித்துள்ளார். கி.பி. முதலாம் நூற்றாண்டின் மருத்துவ நூலாசிரியர் டியோஸ்கோரிடஸும் இச்செடியின் பயன்களை எழுதினார். நம் சித்த வைத்தியர் துத்தி இலையை மூல நோய்க்குப் பயன்படுத்துவதும் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. கடல்களுக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே குடும்பத்துச் செடிகளை மக்கள் மருந்தாகக் கண்டிருக்கின்றனர்.

மருந்தைத் தனியே உண்ணக் குழந்தைகள் மறுப்பர். தேனிலோ கற்கண்டிலோ குழைத்துக் கொடுத்தால் மறுப்பதில்லை. நம் பாட்டிமார் சுக்கையும் மிளகையும் தேனில் இழைத்துக் கொடுத்த உபாயம் இதுவே. இந்த உபாயத்திலிருந்துதான் மாஷ்மலோ என்னும் இனிப்புப் பிறந்தது. மருந்துக்குத் துணையாக வந்த இனிப்பு, காலப்போக்கில் மருந்தை வெளியே தள்ளிவிட்டுத் தானே வீட்டுக்காரனாகிவிட்டது!

மருந்து இனிப்பான வரலாறு

19-ஆம் நூற்றாண்டிலே பிரான்சு தேசத்தில் இவ்வேரின் சாற்றைச் சீனிப் பாகுடனும் முட்டை வெண்கருவுடனும் சேர்த்து, நுரைக்க நுரைக்க அடித்து, மென்மையான வில்லைகளாக விற்றனர். சதுப்புத் துத்தியைப் பிரெஞ்சு மொழியில் 'கிமோவ்' என்பர். அவ்வில்லையும் அப்பெயராலேயே வழங்கிற்று. தொண்டை கட்டியவர்களும் வாங்கினர்; தொண்டை நன்றாக இருந்தவர்களும் சுவைக்காக வாங்கினர்.

வேரை அகழ்ந்து, உலர்த்தி, சாறெடுத்து, கையால் அடித்து எடுப்பது மெத்தச் சிரமமான வேலை. வாங்குவோர் தொகை பெருகப் பெருக, வேரின் இடத்தில் ஜெலற்றின் என்னும் பொருளை இட்டனர். அது மலிவானது, நுரையை நன்கு பிடித்து நிறுத்துவது, நாட்கணக்கான வேலையை மணிக்கணக்காகக் குறைப்பது. 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வேர் பெரும்பாலும் விடைபெற்றுவிட்டது.

பின்னர் அமெரிக்கா இதனை எடுத்துக்கொண்டது. 1927-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பெண் சாரணர் இயக்கம் வெளியிட்ட கைநூலொன்றில், நெருப்பிலே வாட்டிய மாஷ்மலோவையும் சொக்கலேற்றையும் பிஸ்கற்றுக்கிடையே வைத்து உண்ணும் முறை அச்சாயிற்று. அலெக்ஸ் டூமாக் என்னும் அமெரிக்க உற்பத்தியாளர், இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில், புதியதோர் இயந்திர முறையை வகுத்தார். இடியாப்ப உரலிலே மா பிதுங்குவதுபோல், அடித்த கலவை குழாய்களின் வழியே நீண்ட கயிறாகப் பிதுங்கி வரும். அதனைத் துண்டு துண்டாக வெட்டிப் பொதி செய்வர். இன்று பொதிகளில் வரும் உருளை வடிவ மாஷ்மலோ இம்முறையின் பிள்ளையே.

இன்றைய மாஷ்மலோவில் உள்ளவை சீனி, சோளப் பாகு, ஜெலற்றின், வாசனை, நிறம், இவற்றோடு காற்று. ஆம், அதன் பருமனிற் பெரும்பங்கு காற்றுத்தான். சதுப்புத் துத்தியின் வேர் அதில் ஓர் இழையளவும் இல்லை. தட்டிலே ஒன்றுசேர வேண்டிய இரு கிளைகளுள் ஒன்று எப்போதோ விலகிவிட்டது. நாம் முன்னர்க் கூறிய தடை இதுவே.

மலைநாட்டுக் குசினியில்

ஆங்கிலேயர் இம்மலைகளுக்குக் கோப்பி பயிரிட வந்தனர். 1869-ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1890-ஆம் ஆண்டில் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களை வாங்கினார். 1924-ஆம் ஆண்டில் புகையிரதம் பதுளையை வந்தடைந்தது. துரைமாரின் பங்களாக்களிலே கேக்கும் புடிங்கும் செய்யப் பழகிய 'அப்பு' எனப்படும் சமையற்காரர்களின் கைவண்ணம் இந்நாட்டுச் சமையலில் ஊறிவிட்டது. கொழுந்து பறித்துத் திரும்பிய தாய்மாருக்கோ லயத்திலே, உள்ளங்கையிற் சிறிது சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடித்த வெறுஞ்சாயமே இனிப்பாயிருந்தது. தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் சுட்டால் அதுவே பெருவிருந்து.

இக்காலத்தில் மாஷ்மலோ இலங்கையரின் வீட்டுப் பண்டங்களுள் ஒன்றாகிவிட்டது. ஜெலற்றினைச் சுடுநீரில் கரைத்து, சீனி சேர்த்து, வனிலா இட்டு, வெண்மையாகத் திரளும்வரை அடித்துத் தட்டில் ஊற்றுவர். இறுகியபின் சதுரமாக வெட்டி, தூள் சீனியிலோ வறுத்த தேங்காய்ப்பூவிலோ புரட்டி எடுப்பர். பண்டாரவளை, அப்புத்தளைக் குளிரிலே தட்டு விரைவில் இறுகும். பதுளைப் பள்ளத்தாக்கிலே மாரி மழை தொடங்கிவிட்டாலோ, சீனி காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் துண்டுகள் வியர்த்து ஒன்றோடொன்று ஒட்டும். காற்றுப் புகாத போத்தலில் இட்டு வைப்பதே அதற்குப் பரிகாரம்.

அடிக்கும்போது நடப்பது யாதெனில், எண்ணற்ற சிறு காற்றுக் குமிழிகள் பாகினுள் சிறைப்படுகின்றன. ஆறும்போது ஜெலற்றின் வலைபோலப் பின்னி அவற்றைத் தப்பவிடாமற் பிடித்துக்கொள்கின்றது. அவ்வலை நம் உடலின் வெப்பத்தை அண்மித்த வெப்பத்தில் இளகும் இயல்புடையது. ஆதலாலேதான் கையில் திடமாக இருப்பது நாவில் கரைகின்றது.

ஜெலற்றின் என்பது யாது?

நிற்க, வீட்டுக்கு வீடு தெரிந்திருக்க வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகின்றது. ஜெலற்றின் செடியிலிருந்தோ கடற்பாசியிலிருந்தோ கிடைப்பதன்று. மாடு, பன்றி முதலிய விலங்குகளின் தோலையும் எலும்பையும் பக்குவஞ் செய்து எடுக்கப்படுவது. மீனின் தோலிலிருந்து எடுக்கப்படுவதும் உண்டு.

நம்மிடையே மரக்கறி உணவையே ஆயுள் முழுவதும் கைக்கொள்ளும் குடும்பங்கள் உள்ளன. வெள்ளிக்கிழமையிலும் கந்தசஷ்டியிலும் மச்சம் தொடாத குடும்பங்கள் அவற்றிலும் பல. மாமிசம் சமைத்த சட்டியைக்கூடத் தனியே வைக்கும் பெரியோர், பேரப்பிள்ளைக்கு மாஷ்மலோவை ஆசையோடு வாங்கிக் கொடுக்கின்றனர். அதனைக் குற்றமென்று கூறுவார் யார்? வெண்பஞ்சு போன்ற பண்டத்தைப் பார்த்து எலும்பை எவரும் நினைக்கமாட்டார். பெயரைக் கேட்டாலோ அது செடியின் பெயர்! செடியின் பெயரைத் தாங்கிய பண்டத்திலே செடி இல்லை. விலங்கின் கூறு இருக்கின்றது. நம் இஸ்லாமியச் சகோதரர் இவ்விடயத்தில் விழிப்பாக இருந்து, ஹலால் ஜெலற்றினா என்று கேட்டே வாங்குகின்றனர். அவ்விழிப்பை நாமும் கற்றுக்கொள்வது நலம்.

மாமிசம் உண்போருக்கு இதில் வழக்கொன்றும் இல்லை. உண்ணாதோர், பொதியின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் கூட்டுப்பொருட்களை வாசித்தபின் வாங்குக. வாசிக்கும் வேலையைப் பாடசாலைப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். மொழியும் அறிவியலும் ஒருங்கே வளரும். அயலார் வீட்டு விழாவிலே தட்டு நீட்டப்பட்டால், காரணம் கூறி விருந்தோம்புவாரை வருத்தாமல், வேறொரு பண்டத்தை எடுத்துக்கொள்ளப் பிள்ளைகளைப் பழக்குவதும் ஒரு நற்பண்பே.

மாற்று வேண்டுவோருக்குக் கடற்பாசி இருக்கின்றது. சைனா கிராஸ், அகர் அகர் என்றெல்லாம் கடைகளில் கிடைப்பது அதுவே. 'சிலோன் பாசி' என்று பெயர் பெற்ற ஒருவகைக் கடற்பாசி நம் நாட்டுக் களப்புகளிலேயே விளைந்து முற்காலத்தில் ஏற்றுமதியானதும் உண்டு. முட்டை உண்போர் கடற்பாசிப் பாகை அடித்த வெண்கருவுடன் சேர்த்தால் நுரைத்த பண்டம் கிடைக்கும். ஆயினும் கடற்பாசி உடல் வெப்பத்தில் இளகாது. ஏறக்குறைய 85 பாகை வெப்பம் வேண்டும். ஆகவே நாவிற் கரையாது, கடித்துத்தான் உண்ண வேண்டும். சுவையில் இதனால் சிறிது வேறுபாடு உண்டு. மனத்திலோ ஐயம் இல்லை.

இன்னும் இரு செய்திகள் தாய்மாருக்கு. இன்றைய மாஷ்மலோ இருமலுக்கு மருந்தாகாது. அதன் நிறையிற் பெரும்பகுதி சீனியே. அடுத்து, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அதனை முழுதாகக் கொடுத்தலாகாது. மென்மையாக இருப்பதனாலேயே அது தொண்டையை அடைத்துக்கொள்ளக்கூடும். சிறு சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுத்து, அருகிலிருந்து கவனித்தல் வேண்டும்.

அயல்வீட்டு ஆஸ்மி

செடியின் பசையால் ஆன இனிப்பு உலகிலே மறைந்துவிட்டதா என்றால், இல்லை. அதனைத் தேடி பிரான்சுக்குப் போக வேண்டியதுமில்லை. சித்திரைப் புத்தாண்டிலே சிங்கள அயலவர் நம் வீட்டுக்கு அனுப்பும் தட்டைப் பார்த்தாற் போதும். கொக்கிசும் கொண்டைப் பணியாரமும் இருக்கும் அத்தட்டிலே, வெண்ணூலாற் பின்னிய வலையை மடித்தாற்போன்று, மேலே இளஞ்சிவப்புச் சீனிப்பாகு ஓடிய பண்டம் ஒன்று இருக்கும். அதன் பெயர் ஆஸ்மி.

அரிசி மாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, கறுவாவின் இனத்தைச் சேர்ந்த 'தவுள் குருந்து' என்னும் மரத்தின் இலையைக் கசக்கி எடுத்த வழவழப்பான சாற்றை அதனுடன் கலப்பர். அச்சாறுதான் ஆஸ்மியின் உயிர். அதனால்தான் மா அறுபடாமல் நூல் நூலாகக் கொதிக்கும் எண்ணெயில் இறங்குகின்றது. ஒருமுறை பொரித்து, ஓரிரு நாள் வைத்து, மறுமுறையும் பொரித்துப் பாகு வார்ப்பர். அவ்விலை கிடைக்காத இடங்களில் இல்லத்தரசிகள் என்ன செய்கின்றனர் தெரியுமா? வெண்டிக்காயை நறுக்கி ஊறவிட்டு, அந்நீரைச் சேர்க்கின்றனர். வெண்டியோ சதுப்புத் துத்தியின் உடன்பிறப்பு. மாஷ்மலோ தன் பெயரில் மட்டும் வைத்திருக்கும் பசையை, அப்பெயரை அறியாத ஆஸ்மி தன் உடலில் வைத்திருக்கின்றது. இதனினும் வியப்பான செய்தி இனிப்புகளின் வரலாற்றில் அரிது.

மாணவர்கள் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். வெண்டிக்காய் இரண்டை நறுக்கி ஒரு குவளைக் குளிர்நீரில் இரவு முழுவதும் ஊறவிடுக. செவ்வரத்தை இலைகளைக் கசக்கி மற்றொரு குவளையில் இடுக. காலையிலே இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தால், பழைய மருத்துவர் அவ்வேரிலே கண்டது என்னவென்று புத்தகமின்றியே விளங்கும்.

பெயரும் பொருளும்

பெயர் நின்று பொருள் மறைவது மேனாட்டு இனிப்புக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. கூந்தற்பனை எனத் தமிழில் வழங்கும் கித்துள் மரத்தின் பாணியை எடுத்துக்கொள்வோம். மரமேறிப் பூந்தண்டைச் சீவிப் பதநீர் இறக்கி, மணிக்கணக்காகக் காய்ச்சி எடுப்பது அது. தயிருக்கு அதைப் போன்ற துணை வேறில்லை. ஆனால் மரமேறும் தொழிலுக்கு இளைஞர் வருவது குறைந்துவிட்டது. சீனியைக் கலந்த பாணி, கித்துள் என்ற பெயரோடு சந்தைக்கு வருவது யாவரும் அறிந்த குறை. மாஷ்மலோவின் வேருக்கு நேர்ந்தது கித்துளுக்கும் நேரத் தொடங்கியிருக்கின்றது. முதலிற் சிறிது கலப்பு. பின்னர்ப் பாதிக்குப் பாதி. முடிவிலே போத்தலின் மேற் பெயர் மட்டும் எஞ்சும். உண்மைப் பாணியின் சுவையை அறியாத தலைமுறை அப்போது கலப்பையே கித்துள் என்று நம்பிவிடும்.

இதற்கு மாறான உதாரணமும் நம் கண்முன்னேயே உண்டு. 1972-ஆம் ஆண்டில் இந்நாடு இலங்கைக் குடியரசாகி, 'சிலோன்' என்ற பெயரைக் கைவிட்டது. ஆனால் தேயிலை மட்டும் இன்றும் 'சிலோன் ரீ' என்றே உலகெங்கும் விலைப்படுகின்றது. இந்நாட்டில் விளைந்து இந்நாட்டிலேயே பொதி செய்யப்பட்ட தேயிலைக்கன்றித் தேயிலைச் சபையின் சிங்க முத்திரை கிடைப்பதில்லை. நாட்டின் பெயர் மாறியும் பண்டத்தின் பெயர் பொய்யாகவில்லை. அதனைக் காக்க ஒரு சட்டமும், விளைவிக்க மலைமக்களின் கைகளும் இருந்தமையே காரணம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஊவாத் தேயிலைக்கு வரும் தனி மணத்தைச் சீனியைக் கலந்தோ நிறத்தைக் கலந்தோ உண்டாக்க இயலாது.

பெயரைக் காப்பவர் இருந்தாற் பொருள் நிலைக்கும். காப்பவர் இல்லையேல் ஏட்டுச் சுரைக்காய்தான் மிஞ்சும். அது கறிக்கு உதவாது. காப்போர் என்பவர் அரசினர் மட்டுமல்லர். கடையிலே ஒரு பொதியைக் கையிலெடுத்து, "இதில் என்ன இருக்கின்றது?" என்று கேட்கும் தாயும் காப்பவரே. ஆஸ்மி செய்யும் அயல்வீட்டு அம்மையாரிடம் அவ்விலையைக் காட்டித் தரும்படி கேட்டு, அதன் பெயரைத் தன் கொப்பியிலே எழுதிக்கொள்ளும் மாணவனும் காப்பவனே. மாஷ்மலோவை உண்போர் உண்க. அதன் சுவைக்கு நாம் பகைவரல்லோம். ஆயின் நம் வேலியிலும் அயல்வீட்டுத் தட்டிலும் இன்னும் உயிரோடிருக்கும் பொருள்களை, அவற்றின் பெயரோடு சேர்த்தே அடுத்த தலைமுறைக்குக் கொடுப்போமாக.